மணிக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், பன்னிரண்டு பேரைப் பார்க்க முடியும். பிறகு ஏன் ஹால் நிறைகிறது?

சிறுமலைக்காரன்

வணக்கம். குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் போடுவது என் வேலை. மாலை 5 முதல் 9 வரை ஓபி. முன்பதிவு கிடையாது, வருகிற வரிசைப்படி நம்பர் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துவிடுவேன். போன மாத நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். சராசரியாக மணிக்கு 10 பிள்ளைகள் வருகிறார்கள். டாக்டர் ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 5 நிமிடம் எடுக்கிறார். அப்படியென்றால் மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம். கணக்குப்படி மணிக்குப் பத்து நிமிடம் அவர் சும்மா இருக்க வேண்டும்.

ஆனால் 7 மணிக்கு ஹாலைப் பார்த்தால் நாற்காலி பற்றாது. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் கதவோரம் நிற்கிறார்கள். "இன்னும் எத்தனை பேர்ண்ணா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். நேற்று ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். டாக்டர் மெதுவாகப் பார்க்கிறார் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். அவர் மெதுவாகப் பார்ப்பவர் இல்லை, எனக்குத் தெரியும். எங்கே பிசகுகிறது?

கூட்டல்_கழித்தல்

உங்கள் நோட்டில்தான் பிழை இருக்க வேண்டும். 10 பேர் வந்து 12 பேரைப் பார்க்க முடிந்தால் வரிசையே வராது. தொட்டியில் விழுகிற தண்ணீரை விட வெளியேறுகிற தண்ணீர் அதிகம் என்றால் தொட்டி எப்படி நிரம்பும்? டாக்டர் உண்மையில் 7 நிமிடம் எடுக்கிறாரா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

புள்ளியியல்_டீச்சர்

தொட்டி உவமை இங்கே பொருந்தாது சார். தண்ணீர் சீராக விழும், பிள்ளைகள் அப்படி வருவதில்லை. அதை விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 5.35 முதல் 5.45 வரை டாக்டர் சும்மா இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைச் சேமித்து வைத்து 6.30க்கு எடுத்துச் செலவழிக்க முடியாது. போனது போனதுதான்.

காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். 5 முதல் 6 வரை பத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் சரியாக 5 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். வந்த நேரம்: 5.00, 5.02, 5.03, 5.04, அடுத்து 5.20, 5.22, 5.23, கடைசியாக 5.45, 5.46, 5.47. பஸ் வந்து நின்றால் மூன்று பேர் சேர்ந்து இறங்குவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

முதல் பிள்ளை நேரே உள்ளே போகிறது. இரண்டாவது 3 நிமிடம் காத்திருக்கிறது, மூன்றாவது 7, நான்காவது 11. ஐந்தாவது வரும்போது அறை காலி. ஆறாவது 3, ஏழாவது 7. பிறகு 5.35 முதல் 5.45 வரை டாக்டர் சும்மா. எட்டாவதுக்குக் காத்திருப்பு இல்லை, ஒன்பதாவது 4, பத்தாவது 8. கூட்டினால் எல்லோருமாகக் காத்திருந்தது 43 நிமிடம். டாக்டருக்குப் பத்து நிமிடம் ஓய்வும் கிடைத்தது, வரிசையும் நின்றது. இரண்டும் ஒரே மணி நேரத்தில்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன். முதல் பிள்ளைக்கு வீசிங். நெபுலைசர் வைத்து, மூச்சு சீரானதைப் பார்த்து அனுப்ப 15 நிமிடம். மற்ற ஒன்பது பேருக்கும் அதே 5 நிமிடம்தான். இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை ஆறு பேருக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுகிறது. 43 என்பது 103 ஆகிவிட்டது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த கூடுதல் பத்து நிமிடம் ஹாலில் அறுபது நிமிடமாக விழுந்திருக்கிறது.

ஆனால் எட்டாவது பிள்ளையைப் பாருங்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு வீண் என்று தோன்றிய அந்த 5.35 முதல் 5.45 வரையான ஓய்வுதான் அடியைத் தாங்கிக்கொண்டது. அங்கேயும் இரண்டு பேரை நுழைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் இரவு ஒன்பது மணி வரை ஒவ்வொருவர் தலையிலும் உருண்டுகொண்டே போயிருக்கும்.

கூட்டல்_கழித்தல்

நீங்கள் சொன்னதை நானும் எழுதிப் பார்த்தேன் டீச்சர், சரியாக வருகிறது. தொட்டிக் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 103 நிமிடம் என்றாலும் ஆளுக்குப் பத்து நிமிடம்தானே? பாட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்கு இது விடை ஆகாதே.

புள்ளியியல்_டீச்சர்

நியாயமான கேள்வி. நான் காட்டியது ஒரு மணி நேரம், அதுவும் காலி அறையில் தொடங்கியது. நாள் முழுக்க ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வருகிறார்கள், பார்க்கும் நேரமும் சிலருக்கு 1 நிமிடம் சிலருக்கு 15 நிமிடம் என்று பரந்து கிடக்கிறது, சராசரி மட்டும் 5 என்று எடுத்துக்கொள்வோம். உள்ளே போகுமுன் சராசரிக் காத்திருப்பு இப்படி வரும்:

மணிக்கு 6 பேர் வந்தால் 5 நிமிடம்.
9 பேர் வந்தால் 15 நிமிடம்.
10 பேர் வந்தால் 25 நிமிடம்.
11 பேர் வந்தால் 55 நிமிடம்.
பதினொன்றரை என்றால் 115 நிமிடம்.

9லிருந்து 10க்குப் போகும்போது பத்து நிமிடம் கூடியது. 10லிருந்து 11க்குப் போனால் முப்பது நிமிடம். அதற்கு மேல் அரை ஆள் கூடினாலே ஒரு மணி நேரம். 12ஐ நெருங்க நெருங்கச் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறும். வகுப்பில் இந்தக் கோட்டைக் கரும்பலகையில் போட்டதும் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் அது.

ஆகவே சிறுமலை தம்பி, உங்கள் பத்து என்பது நான்கு மணி நேரத்துச் சராசரி. ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக எத்தனை என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்

முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் நான். இந்தக் கணக்கு பிறந்ததே எங்கள் வீட்டில்தான். டென்மார்க்கில் ஆக்னர் எர்லாங் என்று ஒருவர். 1878இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தார். அந்நாட்டுக் கணித மன்றத்தில் யென்சன் என்பவரோடு பழக்கம். யென்சன் சமனின்மை என்று டீச்சர் பாடம் நடத்துவாரே, அதே யென்சன். அவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எஞ்சினியர். அந்தப் பழக்கத்தில் 1908இல் எர்லாங் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் ஆய்வகத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. ஏணி தூக்க ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குழிக்குள் இறங்கித் தானே அளவெடுத்தவர். மறு வருடமே, 1909இல், தொலைபேசி அழைப்புகள் எந்த ஒழுங்கில் வந்து விழுகின்றன என்று முதல் கட்டுரை. 1917இல் எத்தனை லைன் போட்டால் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போகும் என்ற சூத்திரம். 1929இல் இறந்துவிட்டார், 51 வயது. தொலைபேசி அழைப்புகளின் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே 1946இல் அவர் பேரை வைத்தார்கள்.

நாங்கள் அதை அட்டவணையாக வைத்திருந்தோம். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பிஸி அவரில், அதாவது அழைப்பு மிக அதிகமாக வரும் மணி நேரத்தில், 2 எர்லாங் பேச்சு இருக்கிறது என்று வையுங்கள். அதாவது சராசரியாக எந்த நேரமும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அளவுக்கு அழைப்பு. இரண்டு லைன் போதும் என்று யாரும் சொல்வார்கள். இரண்டே லைன் போட்டால் 100 அழைப்பில் 40க்கு எங்கேஜ்டு டோன். மூன்று போட்டால் 21. நான்கு போட்டால் 10க்குக் கொஞ்சம் குறைய. ஐந்துக்கு 4க்கும் குறைவு. ஆறு போட்டால்தான் ஒன்று சொச்சம். மேலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் "ஆறு லைனில் நாலு எந்நேரமும் தூங்குதே" என்பார்கள். தூங்கவில்லை சார், காவல் நிற்கிறது என்போம்.

சிறுமலைக்காரன்

டீச்சர் கேட்டபடி பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் இருக்கின்றன: 5 முதல் 6 வரை 5 பேர், 6 முதல் 7 வரை 14, 7 முதல் 8 வரை 14, கடைசி மணியில் 7. கூட்டினால் 40. சராசரி 10 என்று நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் ஒரு நாளும் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேர் வரவே இல்லை. அப்பா அம்மா வேலை விட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஆறரை ஆகிவிடும்.

கூட்டல்_கழித்தல்

அப்படியானால் 6 முதல் 8 வரை வருவதே 12க்கு மேல். நான் சொன்ன தொட்டி அங்கே நிரம்பத்தான் செய்கிறது. மணிக்கு இரண்டு பேர் என்று இரண்டு மணி நேரத்தில் நான்கு பேர் மிஞ்சுவார்கள். டீச்சர் சொன்ன ஏற்ற இறக்கம் அதன் மேல் வந்து உட்காருகிறது. பாட்டிக்கு விடை கிடைத்துவிட்டது.

வங்கிக்_கவுண்டர்

நான் வங்கியில் இருக்கிறேன். எங்கள் கிளையில் பணம் கட்ட இரண்டு கவுண்டர், முன்பு இரண்டுக்கும் தனித்தனி வரிசை. "நான் நிற்கிற வரிசைதான் நகராது" என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு ஒரே டோக்கன் வரிசை, எந்தக் கவுண்டர் காலியோ அங்கே போகலாம் என்று ஆக்கினோம். அதே இரண்டு பேர், அதே கூட்டம், சண்டை அடங்கிவிட்டது. இதற்கும் கணக்கு உண்டா டீச்சர்?

புள்ளியியல்_டீச்சர்

உண்டு அக்கா. மேலே உள்ள எண்களையே வைத்துப் பார்ப்போம். இரண்டு கவுண்டர், ஒவ்வொன்றிலும் மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம், மொத்தம் 20 பேர் வருகிறார்கள். தனித்தனி வரிசை என்றால் காத்திருப்பு 25 நிமிடம். ஒரே வரிசை என்றால் 11 நிமிடம் சொச்சம். ஆள் கூட்டவில்லை, வேகம் கூட்டவில்லை. ஒரு கவுண்டர் சும்மா இருக்க, பக்கத்து வரிசையில் ஆள் நிற்கும் அந்த நேரம் ஒழிந்தது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் இது எளிதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற டாக்டரிடம்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்பார்கள் அம்மாக்கள். அது சரிதான். பிள்ளையின் சரித்திரம் தெரிந்தவரை இழப்பது பத்து நிமிடத்தை விடப் பெரிய நஷ்டம்.

மாட்டுத்தாவணி

இடையில் ஒரு சந்தேகம். நான் எப்போது போனாலும் எனக்கு முன்னால் உள்ளே இருக்கும் ஆள்தான் அதிக நேரம் எடுக்கிறார். பஸ்ஸும் அப்படியே. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்கிறார்கள். சராசரியாக ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும்? எப்போதும் அதிகமாக நிற்கிறேன். மனப்பிரமையா?

புள்ளியியல்_டீச்சர்

பிரமை இல்லை, உண்மை. பஸ் ஒருமுறை 5 நிமிட இடைவெளியிலும் மறுமுறை 15 நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இடைவெளி 10. ஆனால் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடத்தை நீண்ட இடைவெளியே அடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரம் அதற்குள் விழ நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. கணக்கிட்டால் காத்திருப்பு ஆறே கால் நிமிடம். இடைவெளி எவ்வளவு சீர் கெடுகிறதோ அவ்வளவு கூடும்.

டாக்டர் அறைக்கும் இதே விதி. நீண்ட நேரம் எடுக்கும் ஆள் உள்ளே இருக்கும்போது நீங்கள் வந்து சேர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர்தான் அதிக நேரத்தை அடைத்திருக்கிறார். 1930இல் பொலாச்செக்கும் 1932இல் ரஷ்யாவில் கின்ச்சினும் இதைச் சூத்திரமாக்கினார்கள். அதன்படி எல்லோருக்கும் சரியாக 5 நிமிடம் என்று ஆக்க முடிந்தால், மணிக்குப் பத்துப் பேர் வந்தாலும் 25 நிமிடக் காத்திருப்பு பன்னிரண்டரையாகப் பாதி ஆகிவிடும். சீர் கெடுவதற்கு அவ்வளவு விலை.

கொடைரோடு

அதிக காய்ச்சல் உள்ள பிள்ளைகளை முதலில் அனுப்பினால் என்ன? எல்லோருக்கும் காத்திருப்பு குறையுமே.

பழைய_எக்ஸ்சேஞ்ச்

எல்லோருக்கும் குறையாது தம்பி. வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் புக் செய்துவிட்டுக் காத்திருந்த டிரங்கு கால் காலத்தில் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று வகை இருந்தது. லைட்னிங் போட்டவருக்கு உடனே லைன். ஆனால் லைன் அதேதானே? அவர் முன்னால் போன நிமிடங்களை ஆர்டினரியில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்தான் சுமந்தார். ஓர் அம்மா, மகனுக்கு வடக்கே வேலை, காலை பத்து மணிக்குக் கால் புக் செய்துவிட்டுச் சாயங்காலம் வரை எங்கள் வாசல் பெஞ்சிலேயே இருப்பார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போக மாட்டார், அந்த நேரம் லைன் கிடைத்துவிடுமோ என்று. அவரை இன்றும் நினைக்கிறேன்.

மூச்சுத் திணறல், வலிப்பு, கண் சொருகுவது, இதற்கெல்லாம் கணக்கே பார்க்கக் கூடாது, உடனே உள்ளே. அது வேறு பேச்சு.

புள்ளியியல்_டீச்சர்

ஐயா சொன்னது சரி. ஒருவரை முன்னால் விட்டால் மற்றவர் பின்னால் போவார். வேலையின் மொத்த அளவு மாறாது. ஒரு விதிவிலக்கு: சீக்கிரம் முடிகிறவர்களை முன்னால் விட்டால் சராசரி உண்மையிலேயே குறையும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் காட்ட வருகிறவருக்கு ஒரு நிமிடம். அவரைப் பதினைந்து நிமிட ஆளுக்குப் பின்னால் நிறுத்தினால் அவருக்குப் பதினைந்து நிமிடம் நஷ்டம். மாற்றி விட்டால் மற்றவருக்கு ஒரு நிமிடம்தான்.

சிறுமலை தம்பிக்கு இரண்டு யோசனை. ஒன்று, அளப்பதற்கு. கடிகாரம் வேண்டாம். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: கிளினிக்குக்குள் சராசரியாக இருப்பவர் எண்ணிக்கை = மணிக்கு வருகிறவர் எண்ணிக்கை × ஒருவர் இருக்கும் நேரம். எந்த முறையில் வந்தாலும் எந்த வரிசையில் பார்த்தாலும் நீண்ட காலச் சராசரிக்கு இது பொருந்தும். கால் மணிக்கு ஒருமுறை, டாக்டரைப் பார்த்துவிட்டு இன்னும் வெளியே போகாதவர்களின் அட்டைகளை எண்ணுங்கள். தலையை எண்ணாதீர்கள், ஒரு பிள்ளையோடு மூன்று பேர் வருவார்கள். சராசரி 10 அட்டை, மணிக்குப் 10 பேர் என்றால் ஒருவர் வந்து போக ஒரு மணி நேரம் ஆகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, நேரம் கொடுத்து வரச் சொல்லுங்கள். 1952லேயே நார்மன் பெய்லி பிரிட்டன் மருத்துவமனைகளுக்காக இதைப் போட்டுப் பார்த்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல், பிறகு சராசரிப் பார்வை நேரத்துக்கு ஒருவராக வரச் சொல் என்றார். உங்கள் கிளினிக்குக்கு நான் இன்னும் கொஞ்சம் தளர்த்துவேன். அரை மணிக்கு ஆறு பேருக்கு இடம் இருக்கிறது, ஐந்து பேருக்கு மட்டும் நேரம் கொடுங்கள். ஆறாவது இடத்தை வெறுமையாக விடுங்கள். டாக்டர் கேட்டால், வீசிங் பிள்ளைக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

சர்வர்_காவலர்

நாங்கள் கம்ப்யூட்டர் சர்வர்களிலும் இதையே செய்கிறோம். வேலைப் பளு அவற்றின் திறனில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால் புது இயந்திரம் கேட்டு எழுதிவிடுவோம். முப்பது சும்மா கிடக்கிறதே என்று நிர்வாகம் கேட்காத மாதம் இல்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவின் "காவல் நிற்கிறது" என்ற சொல்லை அடுத்த கடிதத்தில் எழுதப் போகிறேன்.

சிறுமலைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். டீச்சரின் 43, 103 கணக்கை அப்படியே தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு "சரி, போட்டுப் பாருப்பா" என்றார். போனில் கேட்கிறவர்களுக்கு அரை மணி வாரியாக நேரம் கொடுக்கிறேன். 6 முதல் 8 வரை நிரம்பிவிட்டால் ஐந்தே காலுக்கு வர முடியுமா, எட்டரைக்கு வர முடியுமா என்று கேட்கிறேன். பாட்டி தாத்தாவோடு வருகிற பிள்ளைகள் பலர் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறார்கள். அவர்களை இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை. ரிப்போர்ட் காட்டுபவர்களுக்கு மஞ்சள் அட்டை, இரண்டு பேருக்கு நடுவில் விட்டுவிடுகிறேன். நடுவில் புகுந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த மருந்துக் கம்பெனி ரெப்களை ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லியாகிவிட்டது. போன் செய்யாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை, வெறும் இடம் பாதி அவர்களுக்கே போகிறது.

முதல் வாரம் டாக்டர் ஒருமுறை வெளியே வந்து எட்டிப் பார்த்தார், "ஆள் இல்லையா?" என்று. ஆறே கால். உள்ளூர எனக்குப் பதற்றம். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆட்டோவில் ஒரு பிள்ளை வந்து இறங்கியது, மூச்சு இழுத்துக்கொண்டு. நேராக உள்ளே. நெபுலைசர் முடிந்து அது வெளியே வர இருபது நிமிடம். ஆறரைக்கு நேரம் கொடுத்த அம்மா ஏழு மணிக்கு முன்பே பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கால் மணிக்கு ஒருமுறை அட்டை எண்ணுகிறேன். முதலில் 7 மணிக்கு 12, 13 என்று இருந்தது இப்போது 6, 7 என்று நிற்கிறது. நேற்று மட்டும் 11, காரணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டமாகக் காய்ச்சல். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது டீச்சர்? அரை மணிக்கு நான்கு என்று குறைக்கவா, ஒன்பதரை வரை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவா?

புள்ளியியல்_டீச்சர்

காய்ச்சல் வாரத்தில் வருகிறவர் எண்ணிக்கையே கூடிவிட்டது, நேரம் கொடுக்கும் முறையை மாற்றி அதைச் சமாளிக்க முடியாது. நீட்டிக்கத்தான் கேட்க வேண்டும். வெறும் இடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த வாரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும். ஒரு வாரத்து அட்டை எண்ணிக்கையை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சிறுமலைக்காரன்

சரி டீச்சர். நாளை திங்கட்கிழமை, கூட்டம் அதிகமாக இருக்கும். எண்ணிவிட்டு ராத்திரி எழுதுகிறேன்.